பல்லி விழுந்த பலன்

"பெற்றோர் விவாகம் செய்தவர்களா?"
அந்தக் கேள்வியை ஆங்கிலமாக்கிக்
கேள்விக்குறியில் விரல் வைத்தபோது
திரை கறுத்தது.

மின்வெட்டு இல்லை. ஃபேன் சுற்றுகிறது.
கீழ்க்கடையில் பற்றீஸ் பொரிகிற சத்தம்.
எதிரே ஸ்டூலில் சாருஜன்,
மடியில் மஞ்சள் கோவை.
நாளைக் காலை ஏழரைக்குத் தூதரக வாசலில் வரிசை.

பிளக்கைக் கழற்றிப் பூட்டினேன்.
அதே சொக்கெட்டில் மேசை விளக்கு எரிந்தது.
வயரை மாற்றினேன்.
பொத்தானை அமத்தினேன், மெதுவாக, பிறகு கோபமாக.
இருபது வருஷத்துக்கும் மேலாக இந்தப் பெட்டி
என் சத்தியத்தோடு சேர்ந்து உழைக்கிறது.
இதன் வயிற்றில் பாமினி எழுத்தில்
எத்தனை பேரின் பிறப்பு, இறப்பு, கலியாணம்.
புதுசுக்கு மாற்றினால் எல்லாம்
கிறுக்கலாகிவிடும் என்று பயம்.
காசும் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முஃப்லிஹுக்கு ஃபோன் எடுத்தேன்.
தெமட்டகொடையில் ஓட்டோவுக்குள் இருந்தபடி கேட்டான்:
"பீப் சத்தம் வருதா?"
இல்லை.
"உள்ள ஃபேன் ஒருக்காத் துடிச்சிட்டு நிக்குதா?"
அமத்திப் பார்த்தேன். ஒரு துடிப்பு. பிறகு ஒன்றுமில்லை.
"அப்ப ஆள் சாகல்ல. எங்கயோ ஷோர்ட்.
வயரைக் கழட்டிட்டுத் தொறந்து பாருங்க."

வெள்ளவத்தைக் கடற்காற்று
நான்கு திருகாணிகளையும் தின்று வைத்திருந்தது.
மூன்று கழன்றன. நான்காவதன் தலை மழுங்கிப்போனது.
சாருஜன் எழுந்து வந்து
தகட்டை நெளித்துப் பிடித்தான்.
நான் டோர்ச் அடித்தேன்.

தூசி, தலையணைப் பஞ்சு போல.
அதைக் கிளற,
போர்டுக்கு மின்சாரம் நுழையும் முனைகளில்
குறுக்கே கிடந்தது ஒரு பல்லி.
வால் கருகி, வாய் திறந்து.

தலையில் விழுந்தால் கலகம்
வலத்தோளில் விழுந்தால் வெற்றி
என்றெல்லாம் அட்டவணை போட்ட பஞ்சாங்கத்தில்
மதர்போர்டுக்குப் பலன் இல்லை.

என் பிழைத்த பிரதி ஒன்றில்
அவன் அதை எடுத்து மடித்தான்.
மடித்துக்கொண்டே, பொட்டலத்திடம் கேட்பதுபோல:
"அக்கா, அந்தக் கேள்வியை விட்டிட்டு அடிக்கேலாதோ?"

கடலோரமாய்க் கோச்சி ஒன்று கடந்தது.
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து ஓயும்வரை
பதில் சொல்லாமல் இருக்கலாம்.
இருந்தேன்.

உள்ளதை உள்ளபடி என்று
நீதிமன்றத்தில் கைதூக்கிச் சொன்னவள் நான்.
ராமைக் கழற்றி அழிரப்பரால் துடைத்தேன்.
தேவையில்லைத்தான். கைக்கு ஒரு வேலை.
பத்து நிமிஷம் ஆறவிட்டு வயரைக் கொடுத்தேன்.

ஒற்றைப் பீப்.
கறுப்பில் வெள்ளை எழுத்து:
உள் பற்றரி செத்துவிட்டதாம், நேரம் தெரியவில்லையாம்.
தன்பாட்டில் ஒரு திகதி போட்டிருந்தது,
இரண்டாயிரத்து மூன்று, ஜனவரி ஒன்று.

சாருஜன் பிறந்தது
அந்த வருஷம் மார்ச் பத்தொன்பது, வவுனியாவில்.
இந்தப் பெட்டிக்கு அவன் இன்னும் பிறக்கவில்லை.
ஒரு பதிவாளரும் பேனை எடுக்கவில்லை.
அவன் தாயிடம் யாரும்
எதையும் கேட்டிருக்கவில்லை.

கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைத்தேன்.
அவனும் கணக்குப் போட்டிருப்பான்,
மூக்கால் சிரித்தான்.

பிறகு திகதியைத் திருத்தினேன்.
நாள், மாதம், வருஷம். மணிக்கூட்டைப் பார்த்து மணி.
மீட்ட கோப்பில் எல்லாம் இருந்தது,
கேள்விக்குறி வரைக்கும்.

ஆங்கிலத்தில் அதற்கு இரண்டே எழுத்து.
அடித்தேன்.
பிரின்டர் இருமி, இழுத்து, துப்பியது.

வாங்கிப் படித்தான்.
அந்த வரியில் கண் நிற்கவில்லை.
மேலே போய் விரலை வைத்தான்:
"அம்மான்ர பேரில ஒரு எழுத்துக் குறையுது."

உண்மைதான்.
திருத்தி மறுபடி எடுத்தேன், முத்திரை குத்தினேன்,
இரண்டாம் தாளுக்குக் காசு வாங்கவில்லை.

படியிறங்கும்போது
பொட்டலத்தையும் கொண்டுபோனான்,
தண்டவாளத்துக்கு அங்கால் எறிகிறேன் என்று.
பக்கத் தகட்டை நான் இன்னும் பூட்டவில்லை.